மொட்டை மாடிப் பெரியவள்

கீழ் வீட்டில் என் தையல் மெஷின் ரிப்பேர் கடை. நான் படுப்பதும் அங்கேதான். மேல் வீட்டில் செடியக்காவும் அவள் புருஷன் டிரைவரும். அதற்கும் மேலே மொட்டை மாடி. அது முழுக்க அடீனியம். துணி உலர்த்த ஒரே ஒரு கொடிக் கயிற்றுக்கு மட்டும் செடியக்கா பெரிய மனசு பண்ணி இடம் விட்டிருந்தாள். அந்தக் கயிற்றில் காய்ந்த என் சட்டைகளில் மண் கறை இல்லாதது ஒன்றுகூட இல்லை.

பாலைவன ரோஜா என்றும் அதைச் சொல்கிறார்கள். அந்தப் பெயரை வைத்தவன் ரோஜாவையும் பார்த்ததில்லை, பாலைவனத்தையும் பார்த்ததில்லை என்பாள் அக்கா. முள் கிடையாது, வாசனை என்று சொல்லிக்கொள்ளவும் ஒன்றும் கிடையாது. அடியில் தொந்தி மாதிரி புடைத்த ஒரு கிழங்கு, அதன் மேல் நாலைந்து குச்சி, குச்சி நுனியில் கொத்தாகப் பூ. தண்ணீரைக் கிழங்குக்குள் தானே சேர்த்து வைத்துக்கொள்ளும் ஜாதி. வெயில் எவ்வளவு அடித்தாலும் சிரித்துக்கொண்டு நிற்கும். வேரில் ஈரம் தங்கினால் மட்டும் சத்தமில்லாமல் உள்ளுக்குள்ளேயே அழுகிவிடும்.

வருஷம் ஒரு தடவை அக்கா ஒவ்வொரு செடியையும் தொட்டியிலிருந்து பிடுங்கி, வேரைக் கழுவி வெட்டி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுவாள். காய்ந்ததும், கிழங்கு வெளியே தெரிகிற மாதிரி முன்னைவிடக் கொஞ்சம் தூக்கி நடுவாள். மண்ணில் பாதிக்கு மேல் மணலும் செங்கல் துண்டும்தான். கட்டை விரலால் கிழங்கை அழுத்திப் பார்ப்பது அவளுக்கு நாடி பார்ப்பது மாதிரி. கல் போல இருந்தால் உயிர் இருக்கிறது. ஊறின ரொட்டி போல இருந்தால் போச்சு. வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் தருகிறாளோ இல்லையோ, செடிக்குத் தரமாட்டாள் என்று டிரைவர் கிண்டல் செய்வார்.

அந்தக் கூட்டத்தில் ஒன்றுக்குப் பெயர் பெரியவள். எங்கிருந்தோ வந்து விழுந்த விதையில் தானாக முளைத்தது. பூத்த அன்றைக்கு அக்கா கீழே ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அடுக்கு இதழ், கிட்டத்தட்டக் கறுப்பு, நடுவில் மட்டும் தணல் போல ஒரு சிவப்பு. அப்படி ஒரு பூவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, அவளும் பார்த்ததில்லை. விதை எடுத்துப் போட்டாள். முளைத்ததெல்லாம் சாதாரண ரோஸ் நிறத்தில் பூத்தன. தாய் மாதிரி வேண்டுமென்றால் தாயின் குச்சியை வெட்டி வேறொரு நாற்றின் மேல் ஒட்டுக் கட்ட வேண்டும், அதற்கு வேறு வழியில்லை. அக்காவோ ஒரு குச்சியைக்கூட வெட்ட மாட்டேன் என்றாள். வெட்டினால் அதன் முகம் கெட்டுவிடுமாம். ஒரு தடவை ஒரு குச்சி ஒடிந்துபோனதற்கு என் கடைப் பூனையை மாடிப் பக்கமே வரவிடாமல் விரட்டினாள். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே போனாள். புதுச் சட்டையைப் பெட்டியிலேயே வைத்துப் பூச்சிக்குக் கொடுக்கிறவன் நான். அவளுக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு டிரைவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஸ்டியரிங் முன்னால் உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இனி மாடிதான் வீட்டை நடத்த வேண்டும். ஊருக்கு வெளியே பெரிய நர்சரி வைத்திருப்பவர் ஒருவர் பெரியவளின் படத்தைப் பார்த்துவிட்டு வந்து பேசினார். பெரியவளின் குச்சிகளைத் தந்தால் அவருடைய நாற்றுகளில் ஒட்டுக் கட்டலாம், அந்த வேலையையும் அக்காவே அங்கே வந்து பார்க்கலாம், நிரந்தரமாக. அக்கா யோசித்து யோசித்து ஒருவழியாகச் சரி என்றாள். மூட்டம் விலகட்டும், வெயில் வந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

அந்த மூட்டத்தில்தான் அக்காவின் மகளுக்குப் பிரசவ வலி எடுத்தது, சொன்ன தேதிக்கு முன்னாலேயே. அக்கா கட்டின புடவையோடு வெளியூருக்குக் கிளம்பினாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வந்தாள். டிரைவரின் தங்கை. ஐம்பதைத் தொட்டாயிற்று, ஆனால் அண்ணனுக்கு இன்னும் பாப்பா. அண்ணனுக்கு என்றால் எல்லாருக்கும். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். கை தாராளம். யார் தட்டும் அவள் முன்னால் காலியாக இருக்க முடியாது.

இந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அண்ணனும் தங்கையும் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருந்தார்கள், ஆனால் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். சண்டையெல்லாம் இல்லை, பழக்கம் அப்படி. அண்ணனுக்கு உப்பு போதவில்லை என்றால் அக்காவிடம் சொல்வார், அக்கா பாப்பாவிடம் சொல்வாள். அக்கா ஊருக்குப் போனதும் அந்த லைன் அறுந்துவிட்டது. இருவரும் ஒரே வீட்டில் இருமிக்கொண்டும் தொண்டையைச் செருமிக்கொண்டும் காலத்தை ஓட்டினார்கள்.

செடிக்கு அக்காவின் கணக்கு ஒன்று உண்டு. தண்ணீர் ஊற்றின தொட்டியின் விளிம்பில் ஒரு துணி கிளிப்பை மாட்டிவிடுவாள். மண்ணுக்குள் குச்சியைச் செருகி, ஈரமில்லாமல் வெளியே வந்தால்தான் கிளிப்பை எடுப்பாள். கிளிப் இருக்கிற தொட்டிக்குத் தண்ணீர் கிடையாது, கிளிப் இல்லாத தொட்டி தாகத்தில் இருக்கிறது. கிளம்புகிற அவசரத்தில் டிரைவருக்கு இதை இரண்டு தடவை சொன்னாள். பாப்பாவுக்குச் சொல்ல மறந்துவிட்டாள்.

பாப்பா தினமும் துவைக்கிறவள். காற்று அடிக்கிறது, கொடியில் துணி நிற்கவில்லை. பார்த்தால் வரிசையாகத் தொட்டிகளில் கிளிப்புகள். இடுப்பு வலியோடு அண்ணனுக்கு மூளையும் குழம்பிவிட்டதோ, செடிக்குக் கிளிப் மாட்டி விளையாடுகிறானே என்று கவலைப்பட்டாளே தவிர, கேட்கவில்லை. எடுத்துத் துணிக்கு மாட்டினாள். மறுநாள் காலை டிரைவர் மெல்ல மெல்லப் படியேறி வந்து பார்ப்பார். கொடிக்குக் கீழே இருக்கிற வரிசையில் கிளிப் இல்லை. பாப்பா குச்சி விட்டுப் பார்த்து எடுத்திருக்கிறாள், இவ்வளவு பொறுப்பானவளா என்று சந்தோஷப்பட்டுத் தண்ணீர் ஊற்றுவார், சட்டைப் பையில் கொண்டுவந்த வேறு கிளிப்பை மாட்டுவார். பாப்பா அதையும் எடுப்பாள். மேலே சூரியன் தலை காட்டவே இல்லை. நல்ல வெயில் விழுகிற இடத்தில்தான் கொடி கட்டுவார்கள், நல்ல வெயில் விழுகிற இடத்தில்தான் பெரியவளையும் வைத்திருந்தாள் அக்கா. அந்த வரிசையின் நடுவில், எல்லாவற்றையும்விட ஆழமான தொட்டியில்.

பேத்தி பிறந்து, தாயும் பிள்ளையும் தேறி, அக்கா திரும்பி வந்த காலையில் எனக்கு மிட்டாய் கொடுத்துவிட்டுப் பையோடு நேராக மொட்டை மாடிக்குப் போனாள். பிறகு பை கீழே விழுகிற சத்தம் கேட்டது. நான் மேலே போனபோது அவள் பெரியவளின் முன்னால் குந்தியிருந்தாள். கட்டை விரல் கிழங்குக்குள் பாதி போயிருந்தது.

விசாரணை நடந்தது. டிரைவர் பாப்பாவின் பொறுப்பைப் புகழ்ந்தார். பாப்பா எந்தப் பொறுப்பு என்று விழித்தாள். கிளிப் கதை முழுசாக வெளியே வந்தபோது எனக்கு ஒரு கணம் சிரிப்பு வரப் பார்த்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அது உள்ளேயே நின்றுவிட்டது.

"வீட்டுக்கு ஒரு வாய் இருந்தா போதும்னு ரெண்டு பேரும் என் வாயையே வச்சு பொழைச்சீங்க," என்றாள். குரல் உயரவில்லை. "நான் இல்லைன்னா ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? இது எதுக்கு இங்க மாட்டியிருக்குன்னு ஒரே ஒரு வார்த்தை." பிறகு பாப்பாவிடம் திரும்பி, "நீ வீட்டுக்குப் போ. நானா கூப்பிடற வரைக்கும் வராத," என்றாள். பாப்பா அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அன்று பகல் முழுக்க அக்கா அறுவை செய்தாள். கத்தியைத் தணலில் காட்டிக் காட்டி, கெட்டுப்போன உருளைக்கிழங்கை நறுக்குகிற மாதிரி கிழங்கைச் சீவிக்கொண்டே போனாள். வெள்ளைச் சதை தெரிந்தால் நிறுத்தலாம். தெரியவில்லை. கழுத்து வரைக்கும் பழுப்பு. குச்சிகளை வெட்டினாள், ஒவ்வொன்றின் நடுவிலும் மிளகு அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி. கடைசியில் நுனிகளில் மட்டும் சுத்தமாகத் தெரிந்த மூன்று துண்டை எடுத்து, சின்ன நாற்றுகளில் ஒட்டுக் கட்டி, பிளாஸ்டிக் உறை மாட்டி, நிழலில் வைத்தாள். வாரம் திரும்பியதும் உறைக்குள் மூன்றும் கறுத்துச் சுருங்கிக் கிடந்தன. மற்ற தொட்டிகள் சின்னவை, சீக்கிரம் காய்கிறவை, ஒன்றிரண்டு தவிர எல்லாம் பிழைத்துக்கொண்டன.

செடிதானே, விடு என்று டிரைவர் ஆறுதல் சொல்லிப் பார்த்தார். சொல்லியிருக்கக் கூடாது.

"செடிதான்," என்றாள் அக்கா. "பொண்ணைப் பெத்தேன், அவ ஒரு வீட்டுக்கு ஆகிட்டா. தினம் சமைச்சேன், தினம் தீந்து போச்சு. நானா வளத்தேன்னு காட்ட இது ஒண்ணு இருந்துச்சு. இனிமே உலகத்துலயே கிடையாது. போன் பண்ணி அந்த நர்சரிக்காரரை வர வேணாம்னு சொல்லிடுங்க."

டிரைவர் போன் பண்ணவில்லை. தங்கையை அழைத்து வரவும் தெரியவில்லை அந்த மனுஷனுக்கு. என் கடை வாசலில் வந்து உட்கார்ந்து, நான் எண்ணெய் விடுகிற மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருப்பார். மேலே அக்கா சாப்பிட்டாளா என்று நான் கேட்டால், இல்லை என்று தலையை ஆட்டுவார். வெயில் மட்டும் வெட்கமில்லாமல் வந்துவிட்டது. வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே ஆத்திரமாக வந்தது.

அப்படி ஒரு மத்தியானம் பாப்பா வந்து என் கடை முன்னால் நின்றாள். இளைத்திருந்தாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"தம்பி, நீங்க மேல போய் அண்ணிகிட்ட ஒரு விஷயம் சொல்லணும்," என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "நான் போக மாட்டேங்க்கா," என்றேன். "இந்த வீட்டுல ஆள் விட்டுப் பேசினது போதும். கால் இருக்கு, வாய் இருக்கு, நீங்களே போங்க."

அடி வாங்கினவள் மாதிரி என்னைப் பார்த்தாள். பிறகு படியேறினாள். டிரைவர் எழுந்து அவள் பின்னால் போனார். நான் மட்டும் கீழே எப்படி இருப்பது? கையில் கிடைத்த ஒரு நூல் பாபினை எடுத்துக்கொண்டு, அதைக் கொடுக்கப் போகிறவன் மாதிரி நானும் போனேன்.

அக்கா மாடியில் காலித் தொட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள்.

"அண்ணி, எங்க வீட்டுக்கு வாங்க," என்றாள் பாப்பா.

"எதுக்கு?"

"ஒண்ணு காட்டணும். பாத்துட்டு என்னை என்ன வேணா பண்ணுங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் அக்காவை எழ வைத்திருக்க வேண்டும். கையைத் தட்டிக்கொண்டு கிளம்பினாள். நாலு பேரும் வெயிலில் இரண்டு தெரு நடந்தோம். டிரைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடைசியில் வந்தார்.

பாப்பா வாசல் வழியாக அழைத்துப் போகவில்லை. பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குக் கூட்டிப் போனாள். துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி, ஒரு உடைந்த நாற்காலி. மேற்குப் பார்த்த சுவர் ஓரம், ஒரு பழைய பெயிண்ட் வாளியில், ஆள் உயரத்துக்கு ஒரு அடீனியம் கன்னாபின்னாவென்று வளர்ந்து சுவரில் சாய்ந்திருந்தது. அதில் குறைந்தது இருபது பூ. கறுப்பு அடுக்கு, நடுவில் தணல்.

டிரைவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். அக்கா கிட்டே போனாள். பூவைத் தொடவில்லை. குனிந்து அடியைப் பார்த்தாள், விரலால் மண்ணை விலக்கினாள். கிழங்கு இல்லை. அடியிலிருந்து நுனி வரைக்கும் துடைப்பக் கட்டை பருமனில் ஒரே தண்டு. விதையில் வந்த செடிக்குத்தான் அப்படித் தொந்தி வைக்கும். குச்சியை ஒடித்து நட்டால் வைக்காது. எனக்கே அது தெரியும் என்றால் அக்காவுக்குச் சொல்லவா வேண்டும்?

"என் செடியில ஒடிச்சது," என்றாள் அக்கா, வாளியைப் பார்த்துக்கொண்டே.

"ஆமா அண்ணி."

"எப்ப?"

"உங்க பொண்ணு கல்யாணத்தப்ப. எல்லாரும் கீழ இருந்தீங்க."

அந்தக் குச்சி ஒடிந்த பழி இத்தனை வருஷமும் என் பூனையின் தலையில் இருந்தது. அதற்காக அது வாங்கிய செருப்படி கொஞ்சமில்லை. இருந்தாலும் அந்த இடத்தில் பூனைக்காக வாதாட எனக்குத் தோன்றவில்லை.

"அதனாலதான் யாரையும் கொல்லைப் பக்கம் விட்டதில்லை," என்றாள் பாப்பா. "பிடுங்கிப் போட்டுடலாம்னு எத்தனையோ தடவை போனேன். பூத்திருக்கும். மனசு வராது."

"கேட்டிருக்கலாமே," என்றார் டிரைவர், தங்கையைப் பார்த்து, நேராக.

பாப்பா அக்காவைப் பார்த்துத்தான் கேட்டாள். "கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா அண்ணி?"

அக்கா ரொம்ப நேரம் யோசித்தாள். பொய் சொல்ல நினைத்திருந்தால் அவ்வளவு நேரம் ஆகியிருக்காது.

"மாட்டேன்," என்றாள். "குடுத்திருக்க மாட்டேன்."

பிறகு வேலை நேரத்துக் குரலில், "எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணி விடறே?" என்று கேட்டாள்.

பாப்பா தயங்கினாள். "தினமும் ரெண்டு வேளை."

அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். வாளியை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்தாள். அடியே இல்லை. என்றைக்கோ பிளந்து விழுந்துவிட்டிருந்தது. ஊற்றுகிற தண்ணீர் அத்தனையும் அப்படியே கீழே இருந்த செங்கல் குவியலுக்குள் ஓடியிருக்கிறது. போதாததற்கு மேற்குச் சுவரின் சூடு. தொட்டிக்கு ஓட்டை எத்தனை, மணல் எத்தனை பங்கு என்று சல்லடையும் கையுமாகப் பாடுபட்டவள் அந்த அடியில்லாத வாளியைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மூக்கால், பிறகு வயிற்றால். சிரித்துக்கொண்டே சுவரோரம் உட்கார்ந்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. பாப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். நானும் டிரைவரும் கேட்பாரில்லாமல் நின்றோம். என் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. தனியாக இருந்திருந்தால் நானும் அழுதிருப்பேன்.

"உங்களோடதுதான் அண்ணி, வாளியோட எடுத்துட்டுப் போங்க," என்றாள் பாப்பா, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"வேணாம். இது இங்கயே இருக்கட்டும்," என்றாள் அக்கா. "என்கிட்ட இருந்தது செத்துப் போச்சு. உன்கிட்ட இருந்ததுதான் உசுரோட இருக்கு. கத்தி இருக்கா வீட்டுல?"

மறுநாள் காலை மாடியில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து ஒட்டுக் கட்டினார்கள். அக்கா நாற்றின் தலையைச் சீவி நடுவில் பிளப்பாள், குச்சியின் அடியை ஆப்பு மாதிரி செதுக்கி, வடிகிற பாலைத் துடைத்துவிட்டுச் செருகுவாள். டிரைவர் அசையாமல் பிடித்துக்கொள்வார், பாப்பா டேப்பைச் சுற்றுவாள். பால் கண்ணில் பட்டால் எரியும், முகத்தில் கை வைக்காதே என்று டிரைவர் தங்கையை அதட்டினார். நீ முதலில் ஒழுங்காகப் பிடி என்றாள் தங்கை. அக்கா வாயே திறக்கவில்லை. சாப்பாடு கூட அன்று மாடியிலேயே. அக்கா இரண்டாம் தடவை போட்டுக்கொண்டதைப் பார்த்து டிரைவர் எனக்குக் கண் ஜாடை காட்டினார். அன்றைக்குத்தான் நர்சரிக்காரருக்குப் போன் பண்ணி, இன்னும் கொஞ்ச நாள் கழித்து வரச் சொன்னார்.

உறைகளைப் பிரிக்கிற அன்று நான் கடையைச் சாத்திவிட்டு மேலே போனேன். முதல் உறைக்குள் குச்சி பச்சையாக, விறைப்பாக நின்றது. நுனியில் எறும்பு அளவுக்கு ஒரு இலை. இரண்டாவதிலும் அப்படியே. ஒன்றிரண்டு போயிருந்தன, மற்றதெல்லாம் பிடித்துக்கொண்டன. அக்கா ஒவ்வொரு உறையையும் பிரித்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். கடைசியில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, "அப்பாடா," என்றாள்.

நர்சரிக்காரர் வந்தார். நல்ல மனுஷர், சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. ஒட்டுக்களை ஒவ்வொன்றாகத் தூக்கி இணைப்பைப் பார்த்தார், தலையாட்டினார், அக்காவின் கையைப் பார்த்து இன்னொரு தடவை தலையாட்டினார். தம்ளர் தண்ணீரில் போட்டு வைத்திருந்த பூவை வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். வேலைக்கு எப்போது வரலாம் என்ற பேச்சும் முடிந்தது. பாப்பா தட்டில் டீ கொண்டு வந்தாள்.

"எல்லாம் சரிம்மா," என்றார் அவர், கப்பை எடுத்துக்கொண்டே. "தாய்ச்செடி எங்க? அதை ஒரு தடவை பாத்துடறேன்."

டிரைவர் தரையைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். செத்துப்போனதைச் சொல்ல வேண்டும், சொன்னால் குச்சி எங்கிருந்து வந்தது என்று கேட்பார், கேட்டால் திருட்டைச் சொல்ல வேண்டும்.

அக்கா நிதானமாக ஒரு வாய் டீ குடித்தாள்.

"தாய்ச்செடி என் நாத்தனார் வீட்டுல இருக்கு," என்றாள். "அவதான் வளக்கறா. டீயைக் குடிங்க, போய்ப் பாக்கலாம்."

அவர் டீயை முடித்துவிட்டு நிமிர்ந்து, யார் அந்த நாத்தனார் என்று கேட்டார். தட்டு மட்டும் கைப்பிடிச் சுவர் மேல் இருந்தது. பாப்பாவைக் காணோம்.

நாங்கள் நடந்து போய்ச் சேர்ந்தபோது கொல்லை பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. உடைந்த நாற்காலி எங்கோ மறைந்துவிட்டிருந்தது. அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, செடிக்கு முன்னால் மண்டியிட்டு, அந்த வாளியின் வெளிப்பக்கத்துப் பெயிண்ட் கறையை மூச்சு வாங்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.